வாக்கிங் இருக்கட்டும், முதலில் ரத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது, எடை 74 கிலோ. மூன்று வருடமாக உடம்பைச் சரிசெய்யப் போராடுகிறேன். பேலியோ, 16 மணி நேரப் பட்டினி, காலையில் சாம்பல் பூசணி ஜூஸ், 10,000 காலடி என்று எல்லாம் ஆரம்பித்தாயிற்று, எதுவும் மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. தெருக்கோடி போவதற்குள் மூச்சு வாங்குகிறது, மதியம் ஆபீஸில் கண் சொருகுகிறது. முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது, நாக்கு எரிகிறது, கண்ணிமை துடிக்கிறது, ராத்திரி ஆடுசதை இழுக்கிறது. மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் போகும், வயசு அப்படி, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்திவிடுவேன். சமைக்கும்போது பச்சரிசி மெல்லும் கெட்ட பழக்கமும் இருக்கிறது. இன்டர்நெட்டில் தேடினால் தைராய்டு, நரம்புத் தளர்ச்சி, கேன்சர் என்று வருகிறது. வீட்டில் எல்லோரும் சோம்பேறி என்கிறார்கள். நல்ல பழக்கம் நிலைக்க என்ன வழி டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் சோம்பேறி இல்லை அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு நீளக் கடிதத்தில் நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான். உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆளைப் பார்க்காமல் கடிதத்தை வைத்து இப்படிச் சொல்வது என் வழக்கமில்லை, ஆனால் பச்சரிசி என்ற வார்த்தையைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது கெட்ட பழக்கம் இல்லை. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனால் சிலருக்கு இப்படி ஒரு வேட்கை வரும், ஒருவருக்குப் பச்சரிசி, ஒருவருக்கு ஐஸ் கட்டி, ஒருவருக்குத் திருநீறு, சிலேட்டுக் குச்சி, செங்கல் பொடிகூட. ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் முழு விளக்கம் கிடையாது, ஆனால் வருகிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். பெண்கள் இதை யாரிடமும் சொல்லமாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் தையல் வேலை செய்யும் ஒரு அம்மா களைப்பாக இருக்கிறது என்று வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. அரிசி ஏதாவது மெல்லுவீர்களா என்று கேட்டேன், பதிலே இல்லை, தலை குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை மேஜைமேல் வைத்தார், குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிது, முக்கால்வாசி பச்சரிசி. ஹீமோகுளோபின் 6.8, குறைந்தது 12 இருக்க வேண்டியது. இரும்பு ஏற ஆரம்பித்த சில வாரத்தில் அந்த டப்பா தானாகவே வீட்டில் தங்கிவிட்டது, அரிசி வாசனையே பிடிக்கவில்லை டாக்டர் என்றார். எத்தனை வருடம் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்திருப்பார் அவர்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம் இரும்புதான், அதிலும் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் அன்றாடச் செலவுக்கே போய்விடும். மாதவிலக்கில் போகும் ஒவ்வொரு மில்லி ரத்தத்தோடும் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. வழக்கமாக ஒரு பெண்ணுக்கு மாதம் 30, 40 மில்லி ரத்தம் போகும், 80 மில்லியைத் தாண்டினால் அதிகப்போக்கு என்கிறோம், அங்கேயே 40 மில்லிகிராம் இரும்பு போயிற்று. எட்டு ஒன்பது நாள் போகும் உங்களுக்கு வரவுக்கு மேல் செலவு, அதுவும் வருடக்கணக்கில். முதலில் சேமிப்பு காலியாகும், அப்புறம்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ஆக்சிஜனைச் சுமந்து போக ஆள் குறைந்த உடம்பை 10,000 காலடி நட என்றால் அது தெருக்கோடியில் உட்காரத்தான் செய்யும்.

இன்னொன்று கேட்கிறேன். மூன்று வாரத்தில் விட்டுப்போகிறது என்கிறீர்களே, வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கிங்கை விட்ட தேதியும், மாதவிலக்கு வந்த தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா? இருக்கும் என்பது என் ஊகம். மூன்று வாரம் கொஞ்சம் தேறுகிறீர்கள், நான்காவது வாரம் ஒன்பது நாள் ரத்தம் போகிறது, எழுந்திருக்க முடியவில்லை, அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. இதற்குப் பெயர் மனவுறுதிக் குறைவு என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இப்போது அந்த மெடிக்கல் மாத்திரை விஷயம். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ரத்தப்போக்கை நிறுத்த என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் ஒன்று ஹார்மோன், இல்லையென்றால் ரத்தக்கட்டு கரையாமல் பிடித்து வைக்கும் மருந்து. இரண்டும் நல்ல மருந்துகள்தான், நானே எழுதித் தருகிறேன், ஆனால் யாருக்கு, எத்தனை நாள், எதற்காக என்று பார்த்துவிட்டுத் தருகிறேன். காலில் ரத்தக்கட்டு வந்தவருக்கோ பக்கவாதம் வந்தவருக்கோ இவை ஆபத்தாக முடியலாம், கவுன்டரில் நிற்கும் பையன் அதைக் கேட்டானா? அதைவிட முக்கியம், நீங்கள் ஒவ்வொரு மாதமும் குழாயை மூடுகிறீர்களே தவிர எங்கே உடைந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை.

வயசு அப்படி என்று ஒதுக்கவும் கூடாது. மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது தேதி முன்னே பின்னே போகலாம், இரண்டு மாதம் வராமலும் இருக்கலாம். ஆனால் ஏழு நாளுக்கு மேல் போவது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி கட்டியாகப் போவது, ராத்திரி எழுந்து பேட் மாற்ற வேண்டியிருப்பது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம் காண்பது, இவற்றில் எது இருந்தாலும் மகப்பேறு, மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 45 வயதைத் தாண்டி இப்படிப் போனால் வயிற்று ஸ்கேனோடு கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து கொஞ்சம் திசு எடுத்தும் பார்ப்போம், எடை கூடுதலாக இருந்தால் அதை நிச்சயம் தள்ளிப்போடமாட்டோம். பெரும்பாலும் நார்த்திசுக் கட்டியாகவோ கர்ப்பப்பைச் சுவர் தடிப்பாகவோ தான் இருக்கும், மருந்திலேயே கட்டுப்படுபவர்கள் நிறையப் பேர். கேன்சர் பயம் உங்களுக்கு இருக்கிறதே, ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் தேடுவதால் அது போகாது, இந்தப் பரிசோதனையால் போகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, மணிக்கு ஒரு பேட் நனைந்து இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே தொடர்ந்தாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

மற்றவை: முடி, நகம், நாக்கு மூன்றும் அநேகமாக இதே கணக்கில்தான் சேரும், இரும்பு ஏறினால் சரியாகும், முடிக்கு மட்டும் சில மாதம் பொறுமை வேண்டும். கண்ணிமைத் துடிப்பு, விடுங்கள். ஆடுசதை இழுப்புக்கு ராத்திரி படுக்குமுன் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் அழுத்திக் கொஞ்சம் நீட்டி மடக்குங்கள். நரம்புத் தளர்ச்சி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம், அந்தப் பெயரைச் சொல்லிக் காசு பார்ப்பவர்கள் நாட்டில் அதிகம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒரு முழு ரத்த அணுப் பரிசோதனை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. அதை மட்டும் பார்க்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். முடிவு வருவதற்குள் சத்து டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு ஒன்றைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவாகவே இருக்கும், அவர்களில் இரும்பு போதுமான அளவு உள்ளவர்களுக்கு மேலும் மேலும் இரும்பு கொடுத்தால் கெடுதல். பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

மாதுளையும் பேரீச்சையும் பீட்ரூட் ஜூஸும் போதாதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்பார்கள். போதாது. மாதுளை சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஆகிவிடாது, 100 கிராமில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) உண்மையிலேயே இரும்பு நிறைந்தவை, அசைவம் சாப்பிட்டால் வாரம் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், முருங்கைக்கீரையும் எலுமிச்சை பிழிந்த சுண்டலும் நல்லதே. ஆனால் இவை இருப்பதைக் காப்பாற்றும், காலியான கஜானாவை நிரப்ப மாத்திரை வேண்டும், சிலருக்கு ஊசி வழியாக. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், அப்படிப் போட்டாலும் நன்றாகவே உறிஞ்சுகிறது. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல் சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் போட வேண்டும், பாதிப் பேர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்த 53 பேரில் எத்தனை பேர் உங்களை மாதிரி சோம்பேறி என்ற பெயரைச் சுமக்கிறார்களோ என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, பழக்கத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வி அதுதானே.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எங்கோ கேட்டிருப்பீர்கள். அது 1960-இல் ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது ஒரு புதுச் செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்கும் பழக்கம் குலையவில்லை. 10,000 காலடி என்பதும் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயர், மான்போகெய், பத்தாயிரம் காலடி மீட்டர் என்று அர்த்தம். அதை எட்டவில்லையே என்று நீங்கள் அழ வேண்டியதே இல்லை.

ரத்தம் ஏறும் வரை வேகநடை, ஜிம், பட்டினி மூன்றும் வேண்டாம். இரண்டே இரண்டு செய்யுங்கள். ஒன்று, டிபனோடு குடிக்கும் காபியை நகர்த்துவது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம், இரும்பை உறிஞ்சவிடாது. எழுந்ததும் ஒன்று, ஆபீஸில் பதினொரு மணிக்கு ஒன்று, அவ்வளவே. காபியை விடச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன், அதனால் இது நிலைக்கும். இரண்டு, ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் வாசலிலோ மாடியிலோ பத்து நிமிடம் மெதுவாக நடப்பது. பாத்திரம் எப்படியும் தினம் கழுவுவீர்கள், அதன் வாலில் நடையைக் கட்டிவிடுங்கள், தனியாக நேரம் ஒதுக்கினால் மாமியாருக்கு மாத்திரை, பையனுக்கு ஸ்கூல் வேலை என்று அந்த நேரம் போய்விடும்.

உங்களுக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டுக்கு இட்லி சாம்பார் வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் பேலியோ என்று காலை ஐந்து மணிக்கு இரண்டு அடுப்பு எரித்தவர்கள் யாரும் நிலைத்து நான் பார்த்ததில்லை. அதே சாப்பாடு, சோறு ஒரு கரண்டி குறைய, பொரியலும் பருப்பும் ஒரு கரண்டி கூட, தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 55, 60 கிராம் புரதம் வேண்டும், நம் ரசஞ்சோற்றிலும் தயிர்சோற்றிலும் அது வராது, கடைசிக் குழம்பையும் மீந்த சோற்றையும் வழித்துச் சாப்பிடும் பெண்களுக்கு இன்னும் வராது. முட்டையை முதலில் உங்கள் தட்டில் வையுங்கள்.

ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டி ரத்தப்போக்குக்கும் காரணம் தெரிந்த பிறகு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் போதும். அதோடு வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்திருப்பது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவை தசைக்கு. எடை மெஷினை அதுவரை கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த மெடிக்கல் மாத்திரையின் காலி அட்டையையும் தேதி குறித்த காலண்டர் தாளையும் எடுத்துப் போங்கள், பச்சரிசி மெல்லுவதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.