லேசர் மிசின் வாங்கிக் கடை போடவா, மார்க்கிங் வேலைக்குப் போகவா?

கேள்வி: எனக்கு 23 வயது, ஊர் கொக்குவில். லேத் வேலை படித்து என்.வி.கியூ 4 (தேசிய தொழிற் தகைமை, நான்காம் மட்டம்) எடுத்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா 20 வாட் பைபர் லேசர் மார்க்கிங் மிசின் ஒன்று எடுத்துத் தருகிறேன் என்கிறார். கூடப் படித்தவன் கட்டுநாயக்கவில் ஒரு தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களுக்கு இலக்கம் பொறிக்கும் வேலையில் நிற்கிறான். என்னையும் வரச் சொல்கிறான். எது நல்லது? இந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் ஒரு வருடமாவது வேலைக்குப் போங்கள். மாமாவின் காசு அதுவரை பத்திரமாக இருக்கட்டும்.

மிசினை ஓட்டப் பழக இரண்டு நாள் போதும். எழுத்தை அடித்து, இடத்தைக் காட்டி, பெடலை மிதித்தால் சில விநாடியில் முடிந்துவிடும். ஆனால் இலக்கம் பொறிப்பது பெரும்பாலும் ஒரு பாகத்துக்கு நடக்கும் கடைசி வேலை. வார்த்து, கடைந்து, துளைத்து, அரைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அது உங்கள் மேசைக்கு வரும். அங்கே ஓர் இலக்கம் பிழைத்தால் உங்களுக்கு முன்னால் நின்ற அத்தனை பேரின் உழைப்பும் பழைய இரும்புக்குப் போகும். இந்தப் பயத்தோடு கை பழக வேண்டும். அதை உங்கள் சொந்தக் கடையில், வாடிக்கையாளரின் சாமானில் பழகாதீர்கள்.

நான் அப்படிப் பழகியவன்தான். ஒருமுறை 200 பித்தளைத் தகடுகளுக்குத் தொடர் இலக்கம் அடிக்க வேண்டியிருந்தது. பாதியில் கரண்ட் போனது. வந்ததும் மிசினைப் போட்டுத் தொடர்ந்தேன். மென்பொருள் கடைசியாகச் சேமித்த 61 ஆம் இலக்கத்துக்குத் திரும்பிப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. 61 இலிருந்து 118 வரை ஒவ்வொரு இலக்கத்திலும் இரண்டு தகடு. கண்டுபிடித்தது நான் இல்லை, வாடிக்கையாளர். அன்றிலிருந்து மிசினுக்குப் பக்கத்தில் யூ.பி.எஸ்ஸும் இருக்கிறது, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியும் இருக்கிறது. தொடங்கிய இலக்கம், நிறுத்திய இலக்கம், நேரம் எல்லாம் பேனையால்தான் எழுதுவேன்.

சரி, என்ன தெரிந்திருக்க வேண்டும்? லேசரை விட்டுவிட்டுச் சுத்தியலில் இருந்து தொடங்குங்கள். ஒரு எழுத்துப் பன்ச் பெட்டி வாங்குங்கள், முனையில் எழுத்து வெட்டிய, சுத்தியலால் அடிக்கும் உருக்குத் துண்டுகள். ஆங்கில எழுத்துப் பெட்டியில் பெரும்பாலும் 27 துண்டு இருக்கும், 26 எழுத்தும் ‘அன்ட்’ குறியும். இலக்கப் பெட்டியில் 9 துண்டுதான். 6 ஐத் தலைகீழாகப் பிடித்தால் 9. புதுப் பெடியன்கள் முதல் பிழை விடுவது இந்த ஒரு துண்டில்தான். கழிவு இரும்புத் தகட்டில் ஒரு கோடு கீறி, கோட்டில் பன்ச்சை வைத்து, ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்கு நிழல் விழும். நூறு தகடு அடித்த பிறகு மெல்லிரும்பு எப்படி உள்வாங்குகிறது, வார்ப்பிரும்பு எப்படி ஓரம் உதிர்கிறது, கடினப்படுத்திய உருக்கு எப்படிப் பன்ச்சின் முனையையே மழுக்குகிறது என்று கைக்குத் தெரியும். இதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

எங்கே அடிக்கக் கூடாது என்பதும் இங்கேதான் பழக்கம். ஆழமான எழுத்து என்பது உலோகத்துக்கு ஒரு காயம். அழுத்தம் தாங்கும் பாகத்தில் வெடிப்பு அங்கிருந்து தொடங்கலாம். ஒரு காஸ் சிலிண்டரைப் பாருங்கள், இலக்கங்கள் தோள்பட்டையிலோ கழுத்து வளையத்திலோதான் இருக்கும், மெல்லிய சுவரில் இருக்காது. பம்பின் தண்டில் பெயரிங் உட்காரும் இடத்தில் அடித்தால், எழுத்தின் ஓரத்தில் எழும்பும் சின்ன மேடே பெயரிங்கைச் சரியாக உட்கார விடாது.

டொட் பீன் என்பது அதே பன்ச் வேலையைப் புள்ளி புள்ளியாகச் செய்யும் மிசின். கார்பைட் ஊசி காற்றாலோ மின்காந்தத்தாலோ துடித்துக் குத்தும். எண்ணெய் படிந்த, கரடான, பிறகு பெயின்ட் அடிக்கப்போகும் பாகங்களுக்கு லேசரைவிட இதுதான் தோது. நம்முடைய ஈரக் காற்றில் கொம்பிரஸர் தண்ணீரையும் சேர்த்து அனுப்பும். வடிகட்டியை ஒவ்வொரு நாளும் திறந்து விடாவிட்டால் ஊசிக் கூடு துருவேறிச் சிக்கும்.

பைபர் லேசரின் அலைநீளம் 1,064 நானோமீற்றர். உலோகத்துக்கு அது சரி. மரம், கண்ணாடி, அக்ரிலிக் என்றால் 10,600 நானோமீற்றரில் இயங்கும் சீ.ஓ.டூ. லேசர் வேண்டும். ஒரே மிசினில் எல்லாம் செய்யலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். 20 வாட் மேலோட்டமான எழுத்துக்குத் தாராளம். உருக்கில் ஆழமாக வெட்ட 50 வாட் எவ்வளவோ வேகம். வில்லையையும் (லென்ஸ்) கேட்டு வாங்குங்கள். குவியத் தூரம் 160 மில்லிமீற்றர் உள்ள வில்லை ஏறக்குறைய 110க்கு 110 மில்லிமீற்றர் பரப்பில் எழுதும். 254 வில்லை 175க்கு 175 வரை போகும், ஆனால் கதிர்ப்புள்ளி பெருத்து வெட்டு பலவீனப்படும்.

எவர்சில்வரில் கறுப்பு எழுத்து எழுதிக் கொடுத்து, மூன்று மாதத்தில் எழுத்தோரம் துருப்பிடித்துத் திரும்பி வந்த சாமான்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த உலோகத்தைக் காப்பது மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஒக்சைட்டுப் படலம். லேசரின் சூடு அதைக் குலைத்துவிடும். கடலுக்குத் தூரமான ஊரில் தாக்குப் பிடிக்கலாம், பருத்தித்துறைக் கடற்கரையில் பிடிக்காது. சூட்டைக் குறைத்துப் பலமுறை ஓட்ட வேண்டும். படகுச் சாமான் என்றால் பிறகு சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியும் கொடுக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுதும் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற சிவப்புப் புள்ளி இடம் காட்ட மட்டும். அதனால் வெறும் வெளிச்சம்தானே என்று ஏமாந்து போவார்கள். 1,064 இல் பட்டால் விழித்திரை போகும். பித்தளையும் செம்பும் கதிரைத் தெறிக்க வைக்கும், விரலில் கிடக்கும் மோதிரமும்தான். அந்த அலைநீளம் அச்சிட்ட கண்ணாடி மட்டுமே போடுங்கள். வெல்டிங் கண்ணாடியும் கறுப்புக் கண்ணாடியும் உதவாது. அப்புறம், சீ.ஓ.டூ. மிசினுக்கு யாராவது ரெக்சின் பேர்ஸ் கொண்டுவந்து பெயர் வெட்டித் தா என்றால் வாங்காதீர்கள். ரெக்சினில் பி.வி.சி. இருக்கும். சுட்டால் ஐதரசன் குளோரைட்டு கிளம்பும், உங்கள் நெஞ்சையும் மிசினின் இரும்பையும் சேர்த்து அரிக்கும். சந்தேகம் என்றால் செம்புக் கம்பியைச் சூடாக்கிப் பொருளில் தொட்டு மீண்டும் நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் கடை போட்டால் உங்களுக்கு வரப்போவது பாதி கோயில் வேலை. குத்துவிளக்கு, மணி, தாம்பாளம், ‘உபயம்’ என்று தொடங்கி இன்னாரின் பெயரும் நாடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பல மார்க்கிங் மென்பொருள்களுக்கு யுனிகோட் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும், ‘கோ’ மூன்று துண்டாகும். வாடிக்கையாளர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். வேறு மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிக் கொண்டுவாருங்கள். கடதாசியில் அச்சடித்து உபயகாரரிடம் கையெழுத்து வாங்காமல் பித்தளையில் கை வைக்காதீர்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் வாரம் எல்லோருக்கும் அவசரம், பிழைகளும் அப்போதுதான் வரும்.

இன்னொரு ஆளும் வருவார். இரவு கடை பூட்டும் நேரத்தில் மோட்டார் சைக்கிளின் சேஸி இலக்கம் துருப்பிடித்துவிட்டது, கொஞ்சம் தெளிவாக அடித்துத் தாருங்கள் என்பார். எவ்வளவு காசு தந்தாலும் தொடாதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அந்த இலக்கத்தில் சுத்தியல் பட்டால் பொலிஸில் நிற்கப்போவது நீங்கள். 17 இடமுள்ள சேஸி இலக்கத்தில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் விலக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் சொந்தத் தொடர் இலக்கங்களிலும் அதையே கடைப்பிடியுங்கள்.

கட்டுநாயக்கவில் என்ன கற்கலாம்? முதலில் வரைபடம் வாசிப்பு: எழுத்து எங்கே, எத்தனை மில்லிமீற்றர் உயரம், எவ்வளவு ஆழம் எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஜிக் செய்வது. லேத் படித்தவர் என்பதால் இதில் நீங்கள் மற்றவர்களுக்கு முன்னால் நிற்பீர்கள். ஆயிரம் பாகம் வந்தாலும் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் போய் உட்கார வேண்டும், அதுதான் ஜிக்கின் வேலை. அப்புறம் டேட்டா மெட்ரிக்ஸ், அதாவது இரண்டு பக்கம் முழுக் கோடும் மற்றப் பக்கங்களில் விட்டுவிட்டுப் புள்ளியும் இருக்கும் சதுரக் குறி. போனில் வாசித்தால் சரி என்று இங்கே நினைப்போம். தொழிற்சாலையில் அதற்கென இருக்கும் கருவி ஏ முதல் எஃப் வரை தரம் போடும். எந்தத் தரம் வேண்டும் என்று வாங்குபவர் எழுதியே தருவார்.

வளைகுடாவில் குழாய் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கேட்டுப் படியுங்கள், அங்கே நேர்முகத்திலேயே கேட்பார்கள். குழாயில் இருக்கும் உருக்கு வார்ப்பு இலக்கத்தை மிஞ்சும் துண்டுக்கு எப்போது மாற்றி எழுத வேண்டும்? வெட்டுவதற்கு முன்னால். வெட்டிய பிறகு எந்தத் துண்டு எந்த வார்ப்பிலிருந்து வந்தது என்று சொல்ல வழி இல்லை, சான்றிதழ் இருந்தும் அந்தத் துண்டு கழிவுதான்.

வருடம் முடிந்து திரும்பி வந்தால் மாமாவிடம் 20 வாட்டா 50 வாட்டா என்று நீங்களே சொல்வீர்கள். அதுவரைக்கும் ஏதாவது அனுப்பியே தீருவேன் என்று நின்றாரானால் 3 மில்லிமீற்றர் பன்ச் பெட்டி ஒன்றும் நல்ல வேர்னியர் அளவுகோல் ஒன்றும் கேளுங்கள்.