சப்பாத்தைக் கழற்றாத தமையனார்

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. முழுக்க வெள்ளை டைல்ஸ். யார் வந்தாலும் விறாந்தையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது மாமியின் சட்டம், எனக்கும் அது விருப்பம்தான். போன மாதம் கொழும்பிலிருந்து வந்த என் கணவரின் தமையனார் சப்பாத்தோடு நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டார். கணவர் மெல்லக் கேட்டதற்கு, "எனக்கு சீனி வருத்தம், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னவர்" என்றார். மாமியின் முகம் கறுத்துப் போனது. அவர் சொன்னது உண்மையா, சாட்டா? பொங்கலுக்குத் திரும்ப வருகிறார். (அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சகோதரி, சாட்டு இல்லை. உங்கள் மாமியும் சரி, அந்த டொக்டரும் சரி. பிழை விட்டது தமையனார் மட்டும்தான், அதுவும் பாதிப் பிழை. வெறுங்காலோடு நடக்காதே என்றுதான் டொக்டர் சொல்லியிருப்பார், றோட்டுச் சப்பாத்தோடு மற்றவர் வீட்டுக்குள் போ என்று சொல்லியிருக்க மாட்டார்.

மாமியின் பக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. திருகோணமலையில் மான் புழுக்கையை மிதிக்காமல் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய்வர முடியுமா? ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் றோட்டில் ஓடுவது மழைத் தண்ணீரா கான் தண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதையெல்லாம் மிதித்த அடியோடு, பிள்ளை தவழுகிற தரையில் நடக்க விடக்கூடாது. வெளிச் செருப்பு வெளியே. இதற்கு விலக்குக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம்.

இனி அவருடைய பக்கம். சீனி பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப் போகும். சிலருக்கு எரியும், விறைக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அவர்களுக்குத்தான் ஆபத்து கூட. இந்த மாதிரிக் கால்களுக்கு மருந்து கட்டி எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் வந்தார், பிள்ளையின் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கிய குண்டூசி உள்ளங்காலில் ஏறி இரண்டு நாள். நோகவில்லை. வெள்ளைத் தரையில் புள்ளி புள்ளியாக இரத்தம் கிடப்பதை மனைவி கண்டு, யாருடைய காலிலிருந்து என்று தேடித்தான் பிடித்திருக்கிறார். அந்த வீட்டில் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருந்திருந்தால் இன்னும் நாலு நாள் போயிருக்கும், அதற்குப் பிறகு விரலைக் காப்பாற்றுவது என் கையில் இருந்திருக்காது. அவர் காயப்பட்டது றோட்டில் இல்லை, தன்னுடைய வீட்டு ஹோலில். அதனால்தான் உணர்ச்சி குறைந்த பாதக்காரர் வீட்டுக்கு உள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, மேஸ் (காலுறை) மட்டும் போட்டுக்கொண்டும் நடக்கக் கூடாது, மெல்லிய அடியுள்ள செருப்போடும் நடக்கக் கூடாது என்று சர்வதேச நீரிழிவுப் பாத வழிகாட்டிகள் சொல்கின்றன. மேஸ் போட்டிருக்கிறேனே என்று சமாளிக்கிறவர்கள் அந்த நடுவில் இருப்பதை இன்னொருமுறை வாசிக்கவும்.

ஆகவே வழி இதுதான்: வீட்டுக்குள் போட மட்டும் ஒரு தனிச் சோடி. றோட்டைக் காணாத சோடி. தமையனார் அதைப் பையில் கொண்டுவந்து, விறாந்தையில் இருந்தபடி மாற்றிக்கொண்டு உள்ளே வரட்டும். விறாந்தையில் ஒரு கதிரை போட்டு வையுங்கள், நின்றபடி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு மாற்றச் சொல்லாதீர்கள். விருந்தாளிக்கு என்று வாசலில் ஒரு பொதுச் சோடி வாங்கி வைக்கிற யோசனை வந்தால் விட்டுவிடுங்கள், அளவு பொருந்தாத செருப்பும் காலில் புண்ணை உண்டாக்கும். விரலுக்கு இடையில் வார் போகிற செருப்பும் அவருக்குக் கூடாது, வார் உரசி அந்த இடுக்கிலேயே புண் வரும். பின்னால் வார், மெத்தென்ற உள்ளடி, கனமான வெளியடி, கால் நீளத்தை விட உள்ளே ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் கூட. பின்னேரம் போய் வாங்கச் சொல்லுங்கள், பகல் முழுக்க நடந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது பொருந்துவதுதான் உண்மையான அளவு. ஒவ்வொரு முறையும் போடுமுன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பல்லி, சிறுகல், பேரப்பிள்ளை ஒளித்து வைத்த மார்பிள், எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேன். சாமியறை வாசலில் மட்டும் அந்தச் சோடியையும் கழற்றட்டும், அங்கே பாய் விரித்திருந்தால் போதும், மாமியும் சந்தோஷப்படுவார்.

அவருக்கு உண்மையிலேயே உணர்ச்சி குறைந்துவிட்டதா என்று கேட்டால், அதை உங்கள் கணவரே பார்க்கலாம். அண்ணரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் பஞ்சு படுகிற மாதிரி ஒரு செக்கன், இரண்டு செக்கன் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டதை உணர்ந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டொக்டரிடம் காட்ட வேண்டும். ஆறும் சரி என்றால் அது நல்ல செய்தி, ஆனால் வருடத்துக்கு ஒருதரமாவது திரும்பப் பார்க்க வேண்டும்.

செருப்பு வாங்கப் போகிறார் என்றதும் எனக்குப் பயம் வருகிறது, ஏன் என்று சொல்கிறேன். கிளினிக் நாளில் வாசலில் நிற்பார்கள். கழுத்தில் ஒரு அடையாள அட்டை, கையில் ஒரு கட்டலொக். "ஐயா, டயபிட்டிக் செருப்பு, டொக்டர்தான் அனுப்பினவர்" என்பார்கள். எந்த டொக்டர் என்று கேட்டால் பேச்சு மாறும். வீட்டுக்கே வந்து காகிதத்தில் காலை வரைந்து அளவெடுத்து, முற்பணமும் வாங்கிக்கொண்டு போவார்கள். என்னிடம் வந்த ஒரு அம்மா பன்னிரண்டாயிரம் கொடுத்திருந்தார். வந்த செருப்பில் எம்சிஆர் என்று பெரிய ஸ்டிக்கர். அது தொழுநோயாளரின் பாதங்களைக் காக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நல்ல றப்பர், ஆனால் அந்தம்மாவின் செருப்பில் இருந்தது வெறும் ஸ்பொஞ்ச், இரண்டு கிழமையில் அப்பளம் மாதிரித் தட்டையாகிவிட்டது. பெருவிரலால் அழுத்திவிட்டு எடுங்கள், பள்ளம் உடனே எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம். முற்பணம் யாருக்கும் கொடுக்க வேண்டாம். பாதத்தைத் தண்ணீரில் வைத்து நஞ்சை எடுக்கிறோம் என்று மெஷினோடு வருகிறவர்களை கேற்றுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள், தண்ணீர் நிறம் மாறுவது மெஷினின் வேலை, உங்கள் காலில் இருந்து ஒன்றும் வருவதில்லை. காலில் ஆணி இருந்தால் ஒட்டுகிற பிளாஸ்டரும் வேண்டாம், அதில் இருக்கும் அமிலம் ஆணியோடு சேர்த்து நல்ல தோலையும் அரித்துவிடும், நோகாத கால் என்றால் எலும்பு வரைக்கும் போனாலும் தெரியாது. சந்தையில் பிளேடோடு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் போன கிழமையும் ஒருவர் அவரிடம் போய்விட்டு என்னிடம் வந்தார்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் கிளினிக்கில் வேலை செய்கிற நாங்களும்தான். ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள். பிரஷர் பார்க்கிறோம், சீனி பார்க்கிறோம், கொப்பியில் எழுதி அனுப்புகிறோம். சப்பாத்தைக் கழற்றுங்கள் என்று சொல்ல ஆளும் இல்லை, நேரமும் இல்லை, கழற்றினால் இருந்து பார்க்க ஒரு ஸ்டூலும் இல்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலோன் இழை ஒன்று போதும் உணர்ச்சியைப் பார்க்க. அதைக் கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது, கடைசியில் நானே கைக்காசில் வாங்கினேன். அதனால் தமையனார் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, யாரும் கேட்காவிட்டாலும் டொக்டருக்கு முன்னால் சப்பாத்தையும் மேஸையும் தானாகவே கழற்றிக் காலை நீட்டட்டும். வீட்டில் கழற்றாததற்கு அங்கே கழற்றட்டும்.

அப்புறம், பொங்கலுக்கு வருகிறவர் கோணேசர் கோயிலுக்குப் போகாமல் திரும்புவாரா? கோயிலுக்குள் வெறுங்கால்தான், அதில் பேச்சில்லை. ஆனால் வெயில் ஏறினபிறகு கல்லும் சீமெந்தும் கொதிக்கும், சாதாரணக் கால் துள்ளும், உணர்ச்சியில்லாத கால் ஆறுதலாக நடந்து வீதி சுற்றிவிட்டு வரும், பின்னேரம்தான் கொப்புளம் தெரியும். விடியற்காலையில் கூட்டிப் போங்கள். வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள், அவரால் குனிந்து பார்க்க முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கட்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போவதென்றால் தண்ணீரின் சூட்டை முதலில் வேறு யாராவது கையால் பார்த்துச் சொல்லட்டும், அவர் காலை விட்டுப் பார்க்கக் கூடாது.

பொங்கலன்று முற்றத்தில் அடுப்பு மூட்டுவீர்கள், தணலும் சாம்பலும் சிதறும். அந்த இடத்தில் அவர் கட்டாயம் அடி கனத்த செருப்போடுதான் நிற்க வேண்டும், பானைக்குக் கிட்டப் போகாமல் தள்ளி நின்றே கும்பிடலாம். இதை மாமிக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள், பொங்கலன்று காலை பால் பொங்குகிற நேரத்தில் சொல்லாதீர்கள்.