கச்சா எண்ணெய் இறங்கினாலும் பெட்ரோல் பங்கில் விலை ஏன் இறங்குவதில்லை?

கேள்வி: கச்சா எண்ணெய் விலை குறைந்துவிட்டதாகச் செய்தியில் சொல்கிறார்கள், பங்கில் மட்டும் அசையவே இல்லை. ஏன்? இறக்கத்தில் நியூட்ரல் போடுவது, விடியற்காலையில் பெட்ரோல் போடுவது, பிரீமியம் பெட்ரோல் இதிலெல்லாம் காசு மிச்சமாகுமா?

பதில்: நீங்கள் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதிதான். சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பவர் கமிஷன், அப்புறம் வரி. அந்த வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக இருந்தால், கச்சா எண்ணெய் பாதியாகச் சரிந்தாலும் வரி ஒரு காசு குறையாது. போதாததற்கு வியாபாரம் பெரும்பாலும் டாலரில் நடக்கிறது, உள்நாட்டு நாணயம் சரிந்தால் குறைந்த விலையின் பலன் நம் கைக்கு வருவதற்குள் கரைந்துவிடும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர வர்த்தக விலை (பின்னால் எடுத்துக்கொள்ளும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை) பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலருக்கும் கீழே போனது. அன்றைக்கும் யாரும் இலவசமாக டேங்கை நிரப்பிக்கொண்டு போகவில்லை. ஏறும்போது கதை வேறு. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது, அதன் சூடு பல நாடுகளில் சீக்கிரமே பெட்ரோல் பங்குக்கு வந்துவிட்டது. பொருளாதாரத்தில் இதற்கு 'ராக்கெட்டும் இறகும்' என்றே பெயர்: ஏறுவது ராக்கெட், இறங்குவது இறகு.

சரி, உங்கள் மூன்று யோசனைகள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். எரிபொருளை அளந்து பீய்ச்சும் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியில் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் எரிபொருள் அடியோடு நின்றுவிடும், நியூட்ரலிலோ இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டேதான் இருக்கும், போதாக்குறைக்கு இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். விடியற்காலை விஷயம், அதாவது குளிர்ந்த பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும், அதே லிட்டரில் அதிகம் கிடைக்கும் என்பது, வெறும் நம்பிக்கை. பங்கின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் பெட்ரோலின் வெப்பநிலை ஒரு நாளுக்குள் பெரிதாக மாறாது. பிரீமியம், அதாவது அதிக ஆக்டேன் பெட்ரோல் (இன்ஜினுக்குள் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளாத வகை), வண்டியின் கையேடு கேட்டால் மட்டும்.

நிஜமான மிச்சம் வலது காலில் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதனால் நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாலே மைலேஜ் கூடுவது தெரியும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தும் மிதித்துக்கொண்டே போய் கடைசியில் பிரேக் அடிப்பவர்கள்தான் அதிகம் (நானும் அவசரத்தில் அதைச் செய்கிறவன்தான்), எரித்த பெட்ரோல் அத்தனையும் பிரேக்கில் சூடாகப் போகிறது. டயர் காற்றை மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, கார் என்றால் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே சரி. கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்.

டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரே வழியில் போய்வந்தும் அந்த எண் திடீரென்று இறங்கினால் முதலில் டயர் காற்று, அப்புறம் மெக்கானிக்.