ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில் மாட்டுப் பண்ணை வைத்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காலப் போலீஸ் எப்படிப் பாதுகாப்பு கொடுத்தது?

கேள்விய பார்த்துட்டு சும்மா போக மனசு வரல. பண்ணை வேலைக்கு இங்க வர பிளான் பண்றீங்கன்னு நினைக்கிறேன். நான் ஆஸ்திரேலியாவுக்கு நடுவுல இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல ஆறு வருஷமா டயாலிசிஸ் நர்ஸ். இங்க ஸ்டேஷன்னா மாட்டுப் பண்ணை, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தை விடப் பெரிய ஸ்டேஷன் எல்லாம் இருக்கு.

குடியேறினவங்க கஷ்டப்படலன்னு நான் சொல்லல, கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. ரயிலே இந்த ஊருக்கு 1929லதான் வந்துச்சு. ஆனா போலீஸ் யாரை யார்கிட்ட இருந்து பாதுகாத்துச்சு?

1928ல கடும் பஞ்சம். இருக்கிற ஊத்துத் தண்ணி மாட்டுக்கா, காலங்காலமா அங்க இருக்கிற வார்ல்பிரி பழங்குடி ஜனங்களுக்கான்னு தகராறு. ஆகஸ்ட்ல கோனிஸ்டன் பண்ணைப் பக்கம் ஒரு ஊத்துக்கிட்ட பிரெட் புரூக்ஸ்ங்கிற டிங்கோ (காட்டு நாய்) வேட்டைக்காரரை வார்ல்பிரி ஆளுங்க கொன்னுட்டாங்க, ஒரு பொண்ணு விஷயத்துல வந்த சண்டைன்னு சொல்றாங்க. அதுக்கு கான்ஸ்டபிள் ஜார்ஜ் மரே, முதல் உலகப் போர்ல கல்லிப்போலிக்குப் போய்ட்டு வந்தவர், பண்ணைக்காரங்களையும் கூட்டிக்கிட்டு குதிரைல கிளம்பி அக்டோபர் வரைக்கும் பழங்குடி ஜனங்களை கேம்ப் கேம்பா போய் சுட்டிருக்காங்க. அரசாங்கக் கணக்கு 31 பேர், வார்ல்பிரி ஜனங்க அதைவிட ரொம்ப அதிகம்னு சொல்றாங்க. விசாரணைக்கு மூணு பேரைப் போட்டாங்க, அதுல ஒருத்தர் காவுட், மரேக்கே மேலதிகாரி! எல்லாமே தற்காப்புக்கு சுட்டதுதான்னு முடிச்சுட்டாங்க. புரூக்ஸைக் கொன்னதா டார்வின் கோர்ட்ல நிறுத்தின ரெண்டு பேரும் விடுதலை ஆயிட்டாங்க, அப்போ செத்தவங்க எல்லாம் எதுக்கு செத்தாங்க?

என்கிட்ட வாரம் மூணு நாள் வர்ற ஒரு வார்ல்பிரி பாட்டி (கேட்டுட்டுதான் எழுதுறேன், பேர் வேண்டாம்) மெஷின்ல அஞ்சு மணி நேரம் படுத்திருப்பாங்க. நான் தமிழ்நாடுன்னு தெரிஞ்சதும் உங்க ஊர்ல தண்ணி இருக்கான்னுதான் முதல்ல கேட்டாங்க. ஒரு நாள் ஊசி போட்டு டேப் ஒட்டிட்டு இருக்கும்போது, அவங்க அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ குதிரைச் சத்தம் கேட்டு பாறை இடுக்குல ஒளிஞ்ச கதைய சொன்னாங்க. அம்மாவோட அண்ணன் திரும்பி வரல. அவர் பேர் என்னன்னு நான் விவரம் தெரியாம கேட்டுட்டேன், சொல்லல. நம்ம பாட்டிங்க புருஷன் பேரை சொல்லாத மாதிரி இவங்க செத்தவங்க பேரை சொல்ல மாட்டாங்க, அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, இன்னைக்கும் உறுத்துது.

இதெல்லாம் எந்த ஏஜென்சியும் சொல்லி அனுப்பாது. என்னைக் கூட்டிட்டு வந்தவங்க வீடு ரெடின்னாங்க, வந்து பார்த்தா மூணு மாசம் ஒரு மோட்டல் ரூம், வாடகையும் என் சம்பளத்துலதான் புடிச்சாங்க, கேட்டா அக்ரிமென்ட்ட படிங்கன்னு பதில். நீங்களாவது எழுதி வாங்கிட்டு ஏறுங்க.

2018ல, 90 வருஷம் கழிச்சு, போலீஸ் கமிஷனர் அந்தக் கொலைகளுக்கு மன்னிப்பு கேட்டாரு. பாட்டிகிட்ட அதைப் பத்திக் கேட்டேன். அம்மா போயிட்டாங்களேன்னு சொல்லிட்டு போர்வைய இழுத்துக்கிட்டாங்க. ஏசி குளிருதுன்னாங்க, குறைச்சு வச்சேன்.