சேறோடியை மாற்றாதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள்

கேள்வி: நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு, சோழர் கால ஏரிப் பாசனம். இரண்டாம் இயலின் வரைவை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டால் 27 சதவீதம் என்று வந்தது. சிவப்பாகக் காட்டிய இடங்களில் எல்லாம் சொற்களை மாற்றினேன். அப்படியும் நெறியாளர், "இது இன்னும் உங்கள் எழுத்தாகவில்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். நூலில் இருப்பதுதானே செய்தி? அதை வேறு எப்படித்தான் எழுதுவது?

பதில்: முதலில் அந்த 27 சதவீத பயத்தைத் தீர்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், திருத்திய ஏட்டை 6 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால், ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இதெல்லாம் சமர்ப்பித்த ஏட்டுக்கு. உங்கள் கையில் இருப்பது வரைவுதான். முறையாக மூலம் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், முன்னுரை, சட்டப் பிரிவுகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர் 14 சொற்கள் வரை இருந்தால் அதையும் விட்டுவிடலாம். நூற்பட்டியலோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று ஒருமுறை சரிபாருங்கள். பாதிச் சிவப்பு அங்கேயே கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

மீதிச் சிவப்புக்கு வருவோம். ஒரு வாக்கியம் (நானே எழுதியது, எந்த நூலிலும் தேட வேண்டாம். குமிழித் தூம்பு என்பது ஏரி நீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் பழைய வகை மதகு):

"குமிழித் தூம்பின் மேலே உள்ள நீரோடித் துளை வழியே நீரும், அடியில் உள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டல் கலந்த நீரும் வெளியேறியதால், ஏரி தூர்ந்துபோவது ஓரளவு தடுக்கப்பட்டது, வயலுக்கும் வண்டல் சத்து கிடைத்தது."

நீங்கள் செய்திருப்பது அநேகமாக இப்படி இருக்கும்:

"குமிழ் மதகின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் துவாரத்தின் மூலம் தண்ணீரும், கீழே இருக்கும் சகதித் துவாரங்களின் மூலம் சகதி கலந்த தண்ணீரும் வெளியே சென்றதால், கண்மாய் மேடாகிப்போவது கொஞ்சம் தவிர்க்கப்பட்டது, நிலத்துக்கும் சகதியின் ஊட்டம் கிட்டியது."

ஏறக்குறைய எல்லாச் சொல்லும் மாறிவிட்டது, எலும்புக்கூடு மாறவில்லை. முதலில் மேலே, பிறகு கீழே, பிறகு விளைவு, கடைசியில் வயல் என்று அதே வரிசை. காற்புள்ளி கூட அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. போகட்டும் என்றால், புதிதாகப் பிழைகளும் சேர்ந்துவிட்டன. நீரோடி, சேறோடி என்பவை துறைச் சொற்கள். யாருடைய நடைக்கும் சொந்தமானவை அல்ல, அவற்றை அப்படியே வைக்க வேண்டும். கண்மாய் என்பது மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்து வழக்கு. செங்கல்பட்டுப் பக்கத்து ஏரியைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வந்தால் படிப்பவர் குழம்புவார். வண்டல் என்பது விவசாயி வண்டி கட்டி வயலுக்கு அள்ளிப் போவது. சகதி என்பது கால் புதைவது. இரண்டும் ஒன்றல்ல.

செய்யுளுக்கு உரை எழுதும் மரபு இதற்கு நல்ல வழி காட்டுகிறது. பதவுரைக்காரர் சொல்லுக்குச் சொல் போவார். பொழிப்புரைக்காரர் முழுவதையும் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன சொல்கிறார் என்றால்..." என்று ஆரம்பிப்பார். நீங்கள் எழுதியது பதவுரை. நெறியாளர் கேட்பது பொழிப்புரை, அதிலும் உங்கள் ஆய்வுக் கேள்வியின் பக்கமிருந்து சொல்லும் பொழிப்புரை. நூலை மூடிவையுங்கள். பக்கத்து அறை நண்பரிடம் விஷயத்தை வாயால் சொல்லுங்கள். அவர் "சரி, அதனால் என்ன?" என்று கேட்பார், அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் பத்தியின் முதல் வாக்கியம். உங்கள் இயல் ஏரிப் பராமரிப்பின் உழைப்பைப் பற்றியது என்று வைத்துக்கொண்டால், இப்படி வரலாம்:

"தூர் வாருவது ஊரே கூடிச் செய்ய வேண்டிய வேலை. குமிழித் தூம்பு அந்த வேலையில் ஒரு பங்கைத் தண்ணீரிடமே விட்டுவிட்டது எனலாம். பாசனத்துக்குத் திறக்கும்போதெல்லாம் நீரோடியில் நீர் இறங்க, சேறோடிகள் வழியே வண்டலும் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது (ஆசிரியர், ஆண்டு, பக்கம்)."

செய்தி அதேதான். தொடங்கும் இடமும் போகும் திசையும் உங்களுடையவை. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மறக்க வேண்டாம்: நடை உங்களுடையதாகிவிட்டதால் கண்டுபிடிப்பும் உங்களுடையதாகிவிடாது. எழுதி முடித்த பிறகு நூலைத் திறந்து, செய்தி திரிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தில் "ஓரளவு" என்று இருந்தது உங்களிடம் "முற்றிலும்" ஆகிவிடும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் பிடிபடும்.

உண்மையில் கோளாறு எழுதும் மேசையில் ஆரம்பிப்பதில்லை, குறிப்பெடுக்கும் நூலகத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. நூலில் இருப்பதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மேற்கோள் குறி போடாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அது உங்கள் வாக்கியம் போலவே தெரியும். என் ஆய்வுக் காலத்தில் ஒரு பத்தியைப் படித்து, "பரவாயில்லையே, நன்றாக எழுதியிருக்கிறேனே" என்று மகிழ்ந்தேன். மறுவாரம் அது வேறொருவர் கட்டுரையில், சொல் மாறாமல் இருந்தது. அன்றிலிருந்து பிறர் சொல்லுக்கு நீல மை, என் சொல்லுக்குக் கறுப்பு மை.

சிலவற்றை மாற்றவே கூடாது. கல்வெட்டு வரி, செய்யுள், சட்டப் பிரிவு, நீங்கள் மறுக்கப்போகும் ஒருவரின் கூற்று ஆகியவற்றை மேற்கோள் குறிக்குள் அப்படியே தாருங்கள். அதிலும் கல்வெட்டுச் சொல்லை இன்றைய தமிழுக்கு 'மாற்றி' எழுதினால் சான்றே அழிந்துபோகும். பொருளைத் தனியாகக் கீழே சொல்லுங்கள்.

ஆங்கில நூலிலிருந்து தமிழாக்கி எழுதிய பத்திகளும் உங்கள் இயலில் இருக்கக்கூடும். அங்கே மென்பொருள் சிவப்பு காட்டாமல் போகலாம். அதனாலேயே அங்கே மூலம் காட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அப்புறம், நொடியில் வாக்கியத்தை மாற்றித் தரும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். சேறோடி அவற்றின் கையில் சிக்கினால் என்ன பாடுபடும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.