உடைந்தது ஒன்று, ஸ்க்ரூ ஆறு எலும்புகளிலா?

கேள்வி: அப்பாவுக்கு இருபது வருடமாக அங்கைலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற முதுகெலும்பு வாதம். கழுத்தும் முதுகும் குனிந்தபடியே இறுகிவிட்டன. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு, சி.டி. ஸ்கேனில் ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே தெரிந்தது. கை, கால் நன்றாக அசைகின்றன. ஆனாலும் பின்கழுத்தில் ஆபரேஷன் செய்து ஆறு எலும்புகளில் ஸ்க்ரூ போட வேண்டுமாம். காலர் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. மற்றவர்களுக்கு ஓரிடத்தில் முறிந்தாலும் சுற்றியுள்ள தசைநார்களும் எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளும் ஓரளவு தாங்கும். இந்த நோயில் அவையும் எலும்பாகிவிடுவதால், தொடையெலும்பு உடைவதுபோல முன்னிருந்து பின்வரை முழுசாக உடைகிறது. மேலே தலையின் கனம், கீழே வளையாத உடம்பு. இரண்டும் முறிந்த இடத்தையே அசைக்கும். காலரால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. நிமிர்ந்த கழுத்துக்கான காலரைக் குனிந்த கழுத்தில் மாட்டினால் முகவாய் மேலே தள்ளப்பட்டு முறிவு வாய்பிளக்கும். நடந்துவந்தவருக்குக் கை, கால் விழுந்துவிடுவது இப்படித்தான். ஆபரேஷன் வரை, விழுவதற்கு முன்பு தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்தில் தலையணைகளை அடுக்கித் தாங்குங்கள். தட்டையாகப் படுக்கவைக்க யாரையும் விடாதீர்கள்.

எலும்பு உள்ளே பஞ்சுபோல் மெலிந்திருக்கும் என்பதால் ஓரிரு ஸ்க்ரூ மட்டும் போட்டால் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால்தான் முறிவுக்கு மேலே மூன்று, கீழே மூன்று எலும்புகள். முன்பக்கம் ஒரு பிளேட் மட்டும் போட்டால் கழன்றுவிடும் அபாயம் அதிகம்; முன்னால் இடைவெளி விழுந்திருந்தால் பின்பக்க ஸ்க்ரூக்களோடு அந்த பிளேட்டையும் சேர்த்துப் போடுவார்கள். இத்தனை எலும்புகளைப் பூட்டினால் கழுத்து திரும்பாதே என்ற கவலை வேண்டாம். அது ஏற்கெனவே திரும்பாத கழுத்து.

இன்னொரு முறிவு ஒளிந்திருக்கலாம்; முதுகெலும்பு முழுவதற்கும் சி.டி. எடுத்தார்களா என்று கேளுங்கள். தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். மயக்கம் கொடுப்பதற்காகக் கழுத்தைப் பின்னால் சாய்த்து, மூச்சுக்கான குழாய் போட முடியாது. விழித்திருக்கும்போதே கேமரா குழாய் வழியாகப் போடுவது பாதுகாப்பானது. இந்த நோய்க்காக, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் அடாலிமுமாப் போன்ற ஊசி போட்டிருந்தால் கடைசித் தேதியை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். தொற்றைப் பொறுத்தவரை அது முக்கியம். வலி மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை விவரமும் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு எங்களுக்குப் பெரிய பயம் நிமோனியா. விலா எலும்புகளும் இறுகியிருப்பதால் மார்பு விரியாது. மருத்துவர் அனுமதித்ததும் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சியைத் தொடங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்போ பின்போ கையில் புதிதாக மரத்துப்போதல், பிடி தளர்தல், சிறுநீர் இறங்காமை தெரிந்தால், நள்ளிரவானாலும் அப்போதே மருத்துவரை அழையுங்கள்.