வணிக வாடிக்கையாளருக்கென்றே செய்யும் தனி வடிவமைப்பு ஏன் ஆர்டரைப் பெற்றுத் தருகிறது?

ஒரு நிறுவனத்தின் தொழிலையும் அதன் வாடிக்கையாளர்களையும் கேட்டறிந்து, அதற்கென்றே மாதிரி செய்து காட்டுவதே தனி வடிவமைப்பு. சிவகாசிக் காலண்டர் அச்சகங்கள் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிடுகின்றன. அந்தப் பொது மாதிரிகளில் கடைப்பெயரைச் சேர்த்து அச்சிடுவது ஒரு வகை. நகைக்கடைக்கு முகூர்த்த நாள்களைப் பெரிதாகக் காட்டியும், உரக்கடைக்கு விதைப்புப் பருவங்களைக் குறித்தும் தனியே வடிவமைப்பது வேறு வகை. இதில், தம் பணம் எதற்குப் பயன்படும் என்பதைக் கடைக்காரர் ஆர்டருக்கு முன்பே கண்ணால் பார்த்துவிடுவதால் தயக்கம் குறைகிறது. விலைப்பேச்சும், என் கணிப்பில், சுருங்குகிறது. விருந்தினர் யாரென்று கேட்டபின் பட்டியல் போடும் கல்யாணச் சமையல்காரரின் வழி இது. லோகோவைப் பெரிதாக்கி நிறத்தை மாற்றுவதையே பலர் தனி வடிவமைப்பு என எண்ணுகின்றனர். வாடிக்கையாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் செய்துவிடக்கூடிய அது வெறும் அலங்காரமே.